காயப் போட்டிருக்கோம்

சட்டைக் கம்பெனியில் அவளை எல்லோரும் எக்ஸ்ரே என்றுதான் கூப்பிடுவார்கள். செக்கிங் மேசையில் எட்டுப் பெண்கள் உட்கார்ந்திருந்தாலும், காலர் ஒரு நூல் கோணியிருந்தால் அந்தச் சட்டை அவள் கையில்தான் வந்து மாட்டும். தைத்தவர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். "உனக்கு இருக்கிறது கண்ணா, இல்ல பூதக்கண்ணாடியா?" என்பார்கள். அவளும் லேசுப்பட்டவள் இல்லை. "நீ ஒழுங்கா தைச்சா என் கண்ணுக்கு என்ன வேலை?" என்று சட்டையைத் திருப்பித் தள்ளிவிடுவாள்.

அப்பேர்ப்பட்டவளுக்கும் வீட்டில் ஒரு விஷயம் பிடிபடாமலே இருந்தது. புருஷன் ஒரு மடக்குக் குடித்துவிட்டு வந்திருக்கிறாரா இல்லையா என்பதுதான் அது.

சிரிக்காதீர்கள். அவர் பஸ் பாடி கட்டும் பட்டறையில் ஸ்ப்ரே பெயின்டர். காலையிலிருந்து சாயங்காலம் வரை பெயின்டில் கலக்கிற தின்னரிலேயே குளிக்கிற வேலை. சட்டையில் தின்னர், தலைமுடியில் தின்னர், மூச்சில் தின்னர், படுத்து எழுந்த தலையணையிலும் தின்னர். மற்ற வீட்டுப் பெண்களுக்கு மோந்து பார்க்கிற வசதியாவது இருந்தது. இவளுக்கு அதற்கும் கொடுப்பினை இல்லை. கல்யாணமான பதினாறு வருஷத்தில் முதல் ஐந்து வருஷம் அந்த வாடைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டுதான் குடித்தார் மனுஷன். அப்புறம் ஒளிகிற சிரமத்தையும் விட்டுவிட்டார்.

பதினாலு மாசத்துக்கு முன்னால் அவராகவே ஒரு பையில் இரண்டு லுங்கியை எடுத்துப் போட்டுக்கொண்டு போதை மறுவாழ்வு வார்டில் போய்ச் சேர்ந்தார். யாரும் கட்டி இழுத்துப் போகவில்லை. இருபத்தோரு நாள் கழித்து, கன்னம் ஒட்டிப்போய்த் திரும்பி வந்தவர் வாசலில் நின்றபடியே ஒரு விஷயம் சொன்னார். "நீ மோந்து பாத்தாலும் தின்னர்தான் வரும். என் வாய்ல கருவி எதுவும் வெச்சுப் பாக்கவும் நம்மகிட்ட வழியில்ல. நான் சொல்றதை நம்பறது ஒண்ணுதான் வழி. முடியுமா பாரு."

நல்ல கதையாக இருக்கிறதே என்று அவளுக்கு எரிச்சல்தான் வந்தது. ஆயிரம் தடவை பொய் சொன்ன வாய் அது. நம்பறேன் என்றும் சொல்லவில்லை, நம்பலை என்றும் சொல்லவில்லை. ஒரு சட்டையைப் பாஸ் செய்யாமலும் தள்ளாமலும் மேசை ஓரத்தில் வைப்பார்களே, அப்படி வைத்திருந்தாள். ஆனால் ஒவ்வொரு நாளாக அவர் வேலைக்குப் போவதும், நேரே வீட்டுக்கு வருவதும், மகள் படிக்கிற இடத்தில் கால் நீட்டிக்கொண்டு பேப்பர் வாசிப்பதுமாக நாள் போகப் போக, அவளுக்குள் ஏதோ ஒன்று தளர்ந்து கொடுத்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் கூட்டத்துக்குப் போவார். ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில், சின்னப் பிள்ளைகள் உட்காருகிற பெஞ்சில் முட்டியை மடக்கிக்கொண்டு உட்கார்ந்து, குடியை விட்டவர்கள் பேசுகிற கூட்டம். குடும்பத்தோடு வரச்சொன்ன ஒரு ஞாயிறு அவளும் போனாள். பட்டறை ஆட்கள் நாலு பேர் இருப்பார்கள் என்று நினைத்துப் போனவளுக்கு வாயடைத்துப் போயிற்று. வக்கீல் இருந்தார். தூக்கத்துக்கென்று மாத்திரை போட ஆரம்பித்து அதிலேயே விழுந்த நர்ஸ் இருந்தாள். இருமல் மருந்தைப் பாட்டில் பாட்டிலாகக் குடித்த கணக்கு வாத்தியார் இருந்தார். ஊசி வரைக்கும் போய்த் திரும்பிய காலேஜ் பெண் ஒருத்தி, தன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இடம் போதாமல் வராந்தாவிலும் ஆட்கள் நின்றார்கள். நம் வீட்டில் மட்டும்தான் இந்த எழவு என்று பதினைந்து வருஷமாக வாயைப் பொத்திக்கொண்டிருந்தோமே, ஊரே இப்படித்தானா என்று அவளுக்கு அன்றைக்கு அழுகை அழுகையாக வந்தது.

குடியை விட்ட பிறகுதான் அவருக்குச் சர்க்கரை வியாதி இருப்பதே தெரிந்தது. அதற்கு ஒரு மாத்திரை, காலையில், சாப்பாட்டுக்கு முன்னால். அந்த மாத்திரையை இரண்டு வேளைச் சாப்பாட்டு டப்பாவோடு சேர்த்து அவள்தான் எடுத்து வைப்பாள். பகல் ஒரு மணிக்குச் சாப்பாட்டு மணி அடித்ததும் போன் போட்டு, "சாப்ட்டீங்களா?" என்று கேட்பாள். அவர், "ம்" என்பார். இவ்வளவுதான் பேச்சு. மேசையிலிருக்கிற மற்ற ஏழு பேரும், "அதோ புதுப்பொண்ணு மாப்பிள்ளைக்குப் போன் போட்டாச்சு" என்று கேலி பண்ணுவார்கள்.

அன்றைக்கும் போன் போட்டாள். எடுத்தது பெயின்டர் இல்லை. அவரோடு வேலை செய்கிற டிங்கர், தகரம் தட்டுகிறவர்.

"அண்ணி, பயப்படாதீங்க. அண்ணனைக் காயப் போட்டிருக்கோம்."

இந்த வார்த்தையைக் கொஞ்சம் விளக்கித்தான் ஆக வேண்டும். பட்டறையில் பெயின்ட் அடித்த பாகத்தை ஒரு ஓரமாக வைத்துவிடுவார்கள். காய்கிற வரைக்கும் அதை யாரும் தொடக்கூடாது, பக்கத்தில் போகக்கூடாது, தூசி படக்கூடாது. அதே சட்டத்தை அவர்கள் மனுஷனுக்கும் வைத்திருந்தார்கள். யாராவது குடித்துவிட்டு நிற்க முடியாமல் வந்தால், பின்பக்க ஸ்டோர் ரூமில் புது சீட்டுக்கான பஞ்சு மெத்தைகளை விரித்து, அதில் படுக்கவைத்து, பழைய தார்ப்பாயால் மூடி, வெளியே பூட்டிவிடுவார்கள். "எங்கேப்பா அவன்?" என்று முதலாளி கேட்டால், "பார்ட்ஸ் வாங்கப் போயிருக்கான்" என்பார்கள். தங்களுக்குள்ளும் வீட்டுப் பெண்களிடமும், "காயப் போட்டிருக்கோம்" என்பார்கள். சாயங்காலம் காய்ந்ததும் ஆட்டோவில் ஏற்றி வீட்டு வாசலில் இறக்கிவிடுவார்கள். இருபது வருஷமாக இந்த ஏற்பாடு பிசகாமல் நடந்தது. எல்லோரும் ஒருமுறையாவது அந்த மெத்தையில் படுத்தவர்கள்தான். ஒருத்தரை ஒருத்தர் காட்டிக்கொடுத்ததில்லை. அதில் அவர்களுக்கு ஒரு பெருமையே உண்டு.

அவர்களுடைய பாசத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பாசத்தைத் தூக்கிக் குப்பையில் போட வேண்டும் என்று எனக்குத் தோன்றும். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

எக்ஸ்ரே போனை வைத்தாள். மேசையில் ஒருத்தி கூட என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்ததுமே ஏழு பேருக்கும் தெரிந்துவிட்டது. எட்டுப் பேரில் ஆறு பேர் வீட்டில் இதே பிழைப்பு. ஒருத்தி மட்டும், "போனா போகுது விடுடி. பதினாலு மாசம் தாங்குனதே பெரிசு" என்றாள். ஆறுதலாகத்தான் சொன்னாள். அந்த ஆறுதல் அவளுக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினாள். வழியில் ஒரு மதுக்கடை, அதற்கு அடுத்த தெருவில் இன்னொன்று. இரண்டிலும் பட்டப்பகலில் வரிசை. சட்டையை இன் பண்ணினவர்கள், செருப்பில்லாதவர்கள், மருந்துக்கடைப் பையோடு நின்ற ஒருவர் என்று எல்லாத் தரப்பும் நின்றது. அந்த வரிசையில் காலையில் அவரும் நின்றிருப்பார் என்று நினைத்ததும் அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. போய் நாலு பேர் முன்னால் கேட்டுவிட வேண்டும், கேட்டுவிட்டு, பெண்ணைக் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விட வேண்டும். இனி ஒரு நாளும் அந்த ஆளுக்குச் சாப்பாட்டு டப்பா கட்டக்கூடாது. பஸ் பட்டறை ஸ்டாப்புக்கு வருவதற்குள் எல்லாவற்றையும் முடிவு பண்ணிவிட்டாள்.

பட்டறையில் தலைபோகிற அவசரமாக வேலை நடந்துகொண்டிருந்தது. ஒரு பள்ளிக்கூட பஸ் அன்றைக்கே டெலிவரி. மஞ்சள் பெயின்ட் பளபளவென்று நின்றது. ஒரு பக்கம் மட்டும் கடைசிப் பூச்சு இன்னும் ஈரமாக இருந்தது. டெலிவரி எடுக்க வந்த டிரைவர் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். முதலாளி மேலே கண்ணாடி ஆபீஸில் இருந்தார்.

மேஸ்திரி அவளைப் பார்த்ததும் ஓடி வந்தார். அறுபதை எட்டுகிற மனுஷர். பெயின்டரைத் தொழிலில் சேர்த்துவிட்டதே அவர்தான்.

"தங்கச்சி, நீ எதுக்கும்மா இவ்வளவு தூரம்? நாங்க பாத்துக்க மாட்டோமா?"

"சாவியைக் கொடுங்கண்ணே."

"காயற வரைக்கும் யாரும் தொடக்கூடாதும்மா." குரலைத் தணித்துக்கொண்டு கண்ணால் மேலே காட்டினார். "போன வருஷமே சொல்லியிருக்காரு, இன்னொரு தடவை பாத்தேன்னா வேலையில்லைன்னு. நீ சத்தம் போட்டா அவன் பொழப்பு போயிடும். பாவம், இத்தனை நாள் தாங்கினான். ஒரு நாள் சறுக்கிட்டான், விடு."

"எங்க குடிச்சாரு?"

"யாருக்குத் தெரியும்? காலையில வந்து இந்தப் பக்கத்தை அடிச்சான். சாப்பிடக்கூட இல்ல, ஒரே அவசரம். பன்னெண்டு மணி இருக்கும், ஸ்ப்ரே கன்னை நழுவ விட்டான். என்னடான்னு கேட்டா வாய் குழறுது. கால் ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். இது என்னன்னு நமக்குத் தெரியாதா? எத்தனை பேரைப் பாத்திருக்கோம்."

அவள் கையை நீட்டிக்கொண்டே நின்றாள். பார்க்காமல் எதையும் தள்ளுகிற வழக்கம் அவளுக்குக் கிடையாது. கண்ணால் பார்த்துவிட்டுத் திட்டினால்தான் திட்டியது மாதிரி இருக்கும். மேஸ்திரி வேறு வழியில்லாமல் சாவியைக் கொடுத்தார்.

ஸ்டோர் ரூமில் தார்ப்பாயை விலக்கினாள். மனுஷர் தொப்பலாக நனைந்திருந்தார். கழுத்து, நெஞ்சு, சட்டை எல்லாம் வேர்வை. வாய் ஒரு பக்கம் கோணி, கண் பாதி மூடியிருந்தது. கைவிரல்கள் சும்மா நடுங்கிக்கொண்டிருந்தன. பக்கத்தில் குனிந்தால் வழக்கமான தின்னர் வாடை. அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.

வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த வசவு அவள் நாக்கு நுனியில் நின்றது. அதற்குள் அவர் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். ஆளைக் கண்டுபிடிக்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று.

"நீ... எதுக்கு வந்த?" என்றார், நாக்கு மடங்க மடங்க. "போ. போடி வீட்டுக்கு."

எக்ஸ்ரே அப்படியே நின்றுவிட்டாள்.

அவளுடைய வீட்டு ரகசியம் ஒன்று பட்டறைக்குத் தெரியாது. பெயின்டர் நிதானம் தப்புகிற அளவுக்குக் குடித்தால் அவளுக்கு மரியாதை கொடுக்க ஆரம்பித்துவிடுவார். நிதானத்தில் நீ, வா, போ, ஏய் என்கிறவர், போதை தலைக்கேறினால், "வாங்க, உட்காருங்க, சாப்ட்டீங்களா?" என்பார். சொந்த வீட்டு வாசலில் நின்றுகொண்டு, "உள்ள வரலாமாங்க?" என்று கேட்பார். பெற்ற பெண்ணையே, "அம்மா எங்கேங்க?" என்று கேட்டிருக்கிறார். அக்கம்பக்கத்தில் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அவள் மட்டும் அந்த 'ங்க' காதில் விழுந்ததுமே எழுந்துபோய்ப் பாயை விரித்துப் போடுவாள். பதினைந்து வருஷத்தில் ஒரு தடவை கூட அது தவறியதில்லை. நிற்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்து போட்ட நாளிலும், கண்ணைத் திறக்காமலே, "மன்னிச்சுக்குங்க" என்றுதான் முனகியிருக்கிறார்.

கால் நிற்காத அளவுக்குக் குடித்த ஆள், அவளைப் பார்த்து, 'போடி' என்கிறார். நடக்கிற காரியமா?

அந்த ஒரு வார்த்தையில் மளமளவென்று எல்லாம் கூடி வந்தது. மாத்திரை எழுதிக் கொடுத்த அன்றைக்கு டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது. மாத்திரையைப் போட்டுட்டுச் சாப்பிடாம இருந்தா சர்க்கரை ரொம்ப இறங்கிடும். வேர்க்கும், நாக்கு குழறும், தள்ளாடுவார். பாக்கறவங்க குடிச்சிருக்கார்னு நினைச்சிடுவாங்க, உஷாரா இருக்கணும். அதற்கு இவள், "அதெல்லாம் எங்களுக்குப் பழகிப்போச்சு டாக்டர்" என்று பெரிய ஹாஸ்யம் பேசிவிட்டு வந்திருந்தாள்.

"அண்ணே, இவர் குடிக்கலை. சர்க்கரை இறங்கிடுச்சு. டீக்கு வெச்சிருக்கிற சர்க்கரையைக் கொண்டாங்க, சீக்கிரம்."

மேஸ்திரி அவளைப் பாவமாகப் பார்த்தார். பெண்டாட்டிகள் சொல்லுகிற இந்த மாதிரிப் பேச்சை அவர் இருபது வருஷமாகக் கேட்டவர். "சரிம்மா, சரி. கொஞ்சம் மெதுவா பேசு. மேல கேக்கும்."

மேலே கேட்டால் வேலை போகும். அதுவும் அவளுக்குத் தெரியாமல் இல்லை. அவள் நினைத்தது தப்பாகப் போய், அவர் குடித்துதான் இருந்தார் என்றால், அத்தனை பேர் முன்னால் அவரை முதலாளியிடம் காட்டிக்கொடுத்த மகராசி அவளாகத்தான் இருப்பாள். வாயை மூடிக்கொண்டு தார்ப்பாயை இழுத்துவிட்டால் சாயங்காலம் வரை ஒரு வம்பும் இல்லை. கையில் இருந்த சாட்சி ஒரு 'போடி'தான்.

அவள் வெளியே வந்து பட்டறை நடுவில் நின்றாள். பெருங்குரலெடுத்துக் கத்தினாள். "என் வீட்டுக்காரர் குடிக்கலை. அவர் உயிர் போயிட்டிருக்கு. வண்டி எடுங்க யாராவது."

தகரம் தட்டுகிற சத்தம் நின்றது. கண்ணாடி ஆபீஸின் கதவு திறந்தது. மேஸ்திரி தலையில் கைவைத்துக்கொண்டார். "போச்சு, எல்லாம் போச்சு" என்று அவர் முனகியது அவளுக்குக் கேட்டது.

முதலில் எழுந்தது அந்த டெலிவரி டிரைவர். அந்தப் பட்டறையின் வழக்கம் எதுவும் தெரியாத வெளியாள் என்பதால், உயிர் போகிறது என்றதும் உயிர் போகிறது என்றே எடுத்துக்கொண்டார். டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "தூக்குங்கய்யா" என்று புது பஸ்ஸை ஸ்டார்ட் செய்தார். அப்புறம்தான் மற்றவர்களுக்குக் கை கால் வந்தது. டிங்கர் சர்க்கரை டப்பாவோடு ஓடி வந்தார். அவள் புருஷனை நிமிர்த்திப் பிடித்து, சர்க்கரையைத் தண்ணீரில் குழைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக வாயில் விட்டாள். பாதி உள்ளே போயிற்று, பாதி சட்டையில் வழிந்தது. நாலு பேர் சேர்ந்து தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏற்றும்போது, பிடிமானத்துக்காக ஆளுக்கொரு கை அந்த ஈர மஞ்சளில் பதிந்தது. முதலாளி படியிறங்கி வந்து அந்தக் கைத்தடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மறுபடியும் குடிச்சானா?" என்றார்.

"இல்லை" என்றாள் அவள், ஜன்னல் வழியாக. "வந்து பாருங்க." பஸ் கிளம்பிவிட்டது.

போகிற வழியில் அவர் அவள் மடியில் துவண்டு போனார். கூப்பிட்டால் பதிலில்லை. அவள் கன்னத்தைத் தட்டிக்கொண்டே இருந்தாள். திட்டுங்க, போடின்னு சொல்லுங்க, ஏதாவது சொல்லுங்க என்று கெஞ்சினாள். ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சரில் போட்டபோது அவர் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது.

டியூட்டி டாக்டர், சின்ன வயசுப் பெண், குனிந்ததும் தின்னர் வாடையில் முகத்தைச் சுளித்தார். "குடிச்சிருக்காரா?"

"ஆமா டாக்டர், கொஞ்சம்" என்றார் மேஸ்திரி. இருபது வருஷமாகக் குடித்தவனைக் குடிக்கவில்லை என்று முதலாளியிடம் சாதித்த வாய், டாக்டரிடமாவது உண்மையைச் சொல்லுவோம் என்று குடிக்காதவனைக் குடித்தான் என்று சொன்னது.

"இல்லை டாக்டர்" என்று எக்ஸ்ரே குறுக்கே வந்தாள். "சர்க்கரைக்கு மாத்திரை போடறார். இன்னைக்குச் சாப்பிடலை. முதல்ல அதைப் பாருங்க."

விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தார்கள். கருவியைப் பார்த்த டாக்டரின் முகம் மாறியது. "சர்க்கரை முப்பத்தொண்ணுதான்" என்றார் நர்ஸிடம். அப்புறம் யாரும் எதுவும் கேட்கவில்லை. நரம்பில் ஊசியைப் போட்டு குளுக்கோஸை ஏற்றினார்கள். டாக்டர் திரும்பி அவளைப் பார்த்தார். "நல்ல நேரத்துல கொண்டு வந்தீங்க. சாயங்காலம் வரைக்கும் தூங்கட்டும்னு விட்டிருந்தா நான் பண்றதுக்கு ஒண்ணும் இருந்திருக்காது."

மேஸ்திரி மெல்ல வெளியே போய் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தார். பெயின்டர் கண் விழித்து, தன் பெயரைச் சொல்லி, இது என்ன இடம் என்று கேட்ட பிறகு அவள் அதைச் சொல்ல வெளியே வந்தபோதும் மேஸ்திரி அதே இடத்தில்தான் இருந்தார். டிங்கரும் மற்ற இரண்டு பேரும் சுவரோடு நின்றார்கள். எல்லோர் கையிலும் மஞ்சள்.

"அண்ணே, முழிச்சிட்டாரு. நல்லா பேசறாரு."

மேஸ்திரி தலையை ஆட்டினார். "வெல்டர் ஒருத்தன் இருந்தான், ஞாபகம் இருக்கா?" என்றார்.

இருந்தது. ஆறு வருஷத்துக்கு முன்னால் செத்துப்போனவர். குடித்துக் குடித்தே போனார் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

"அதே மெத்தைலதான் காயப் போட்டோம். அவனுக்கும் இப்படித்தான் வேர்த்துது. சாயங்காலம் எழுப்பப் போனா எழுந்திரிக்கல." அவர் உள்ளங்கை மஞ்சளைத் தேய்த்தார். "அன்னைக்கு அவன் குடிச்சிருந்தானான்னு எங்க யாருக்கும் தெரியாதும்மா. குடிச்சிருப்பான்னு நினைச்சோம். அவன் பொண்டாட்டிகிட்டயும் அதைத்தான் சொன்னோம்."

அவளுக்குக் கோபம் வந்தது, இரக்கமும் வந்தது. "இனிமே யாரையும் காயப் போடாதீங்கண்ணே" என்றாள். "குடிச்சிருந்தாலும் சரி, குடிக்காட்டியும் சரி. நேரா இங்க தூக்கிட்டு வாங்க. வேலை போனா இன்னொரு வேலை தேடிக்கலாம்."

அதற்குள் முதலாளியிடமிருந்து மேஸ்திரிக்குப் போன் வந்தது. பாதி கெஞ்சல், பாதி ஆமாஞ்சாமி என்று பேசிவிட்டு வைத்தார். "ரத்தத்துல சாராயம் இல்லைன்னு ஆஸ்பத்திரி பேப்பர் வேணுமாம். அப்பத்தான் உள்ள விடுவேங்கறாரு."

அவள் சுர்ரென்று எழுந்தாள். "நான் சொல்றேன், அது போதாதா? டாக்டர் சொல்றாங்க, அது போதாதா? இவரை ஒண்ணும் சோதிக்க வேண்டாம். இந்த வேலையே வேண்டாம்னு சொல்லுங்க."

"இரு" என்று உள்ளேயிருந்து பெயின்டரின் குரல் வந்தது. அவர் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். குளுக்கோஸ் ஏறாத கையை நீட்டிச் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். "சிஸ்டர், எடுங்க. எவ்வளவு வேணுமோ எடுங்க."

எடுத்துக்கொண்டு போனார்கள். ரிசல்ட் வர ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். பட்டறை ஆட்கள் ஒருத்தரும் கிளம்பவில்லை. அவள் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கையிலிருந்த சர்க்கரைப் பிசுக்கை ஈரத்துணியால் துடைத்தாள். கை இன்னும் நடுங்கியது.

"இன்னும் மயக்கமா இருக்கா?"

"இல்ல. பயமா இருக்கு."

அவளுக்குச் சொல்லிவிட வேண்டும் போல இருந்தது. "நானும் நினைச்சேன்" என்றாள். "பஸ்ல வரும்போது வழியெல்லாம் நீங்க குடிச்சிட்டீங்கன்னுதான் நினைச்சேன். பொண்ணைக் கூட்டிக்கிட்டு அண்ணன் வீட்டுக்குப் போறதுன்னு முடிவே பண்ணிட்டேன். நீங்க வாயைத் திறந்த பிறகுதான் இல்லைன்னு தெரிஞ்சது. மனசுல வெச்சுக்காதீங்க."

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ஜன்னலைப் பார்த்தபடியே இருந்தார்.

"நீ பரவாயில்ல" என்றார். "நானே நினைச்சேன்."

"என்ன நினைச்சீங்க?"

"அந்த மெத்தைல கண்ணு முழிச்சேன் பாரு, நாக்கு எழும்பல, கை தூக்க வரல. மேல தார்ப்பாய். அந்த இடம் எனக்குத் தெரியும்ல? சரி, குடிச்சிட்டேன் போலிருக்குன்னு நினைச்சேன். எங்க குடிச்சேன், யார் கொடுத்தா, ஒண்ணும் ஞாபகம் இல்ல. முன்னாடியும் ஞாபகம் இருந்ததில்லையே. பதினாலு மாசமும் போச்சேன்னு அங்கேயே படுத்து அழுதேன்." கையை விரித்துப் பார்த்துக்கொண்டார். "டாக்டர் சர்க்கரைன்னு சொல்றாங்க. நீ சொல்ற. ஆனா எனக்கு உள்ள இன்னும் சந்தேகமாவே இருக்கு. அதான் எடுக்கச் சொன்னேன். முதலாளிக்காக இல்ல."

அவள் துணியைக் கீழே வைத்துவிட்டு அவர் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள்.

"நீங்க குடிக்கலை" என்றாள். "பட்டறை பூரா குடிச்சிட்டார்னு சொன்னப்ப, உங்களுக்கே தெரியாதப்ப, நான் நடுவுல நின்னு குடிக்கலைன்னு கத்தினேன். கேட்டுச்சா உங்களுக்கு?"

"கேட்டுச்சு" என்றார் அவர். "யாரோ எவனைப் பத்தியோ சொல்றாங்கன்னு நினைச்சேன். அவன் கொடுத்து வெச்சவன்னு நினைச்சேன்."

அப்புறம் அவருக்கு அழுகை வந்துவிட்டது. அவளும் சேர்ந்து அழுதாள். அது துக்கம் இல்லை. துக்கத்துக்கு அழுது அழுது அவளுக்கு வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

நர்ஸ் தாளைக் கொண்டு வந்தபோது வாசல் வரை பட்டறை ஆட்கள் கூடிவிட்டார்கள். நர்ஸ் அதை எக்ஸ்ரேயிடம் நீட்டினாள். அவள் வாங்கவில்லை, அவரிடம் கொடுக்கச் சொன்னாள். அவர் தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மேலிருந்து ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்துக்கொண்டு வந்தார். ஓரிடத்தில் விரல் நின்றது.

"பூஜ்யம்னா... ஒண்ணுமே இல்லைதானே சிஸ்டர்?"

"ஒண்ணுமே இல்லை" என்றாள் நர்ஸ்.

அவர் அந்த வரியை இன்னொரு தடவை படித்தார். மேஸ்திரி முகத்தை மூடிக்கொண்டார். இந்தப் பதினாறு வருஷத்தில் சாக்கடை ஓரத்திலும் போலீஸ் ஸ்டேஷனிலும் ஆஸ்பத்திரி வாசலிலும் அவளிடம், "இந்த ஆள் உனக்கு யாரும்மா?" என்று எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் தரையைப் பார்த்துக்கொண்டு வாய்க்குள்ளேயே பதில் சொல்லியிருக்கிறாள். இன்றைக்கு யாரும் கேட்கவில்லை. கேட்காமலே, வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி, நர்ஸைப் பார்த்து அவள் சொன்னாள்.

"இவர் என் வீட்டுக்காரர்."